சிறப்பு விருந்தினரைச் சுடக்கூடாது

ஏனுங்க சார், அந்தப் போன்ல சத்தத்தச் சித்தக் கொறச்சு வெச்சுக்கறீங்களா? கோவிச்சுக்காதீங்க. சினிமாப் பாட்டா இருந்தா நான் வாயத் தொறக்க மாட்டேன். துப்பாக்கிச் சத்தம் கேட்டா மட்டும் ஒடம்பு ஒரு மாதிரி ஆயிருதுங்க. வியாதியெல்லாம் ஒண்ணுமில்ல. போன ஆடி மாசத்துல இருந்து இப்படித்தான்.

ஸ்டீல் டவுன் ஆட்டந்தானுங்களே அது? பாத்தீங்களா, எட்டிப் பாக்காமயே சொல்லிப்போட்டேன். இப்பச் சுட்டது தூரத்துல இருந்து சுடற பெரிய துப்பாக்கி. இந்தா, இது காலடிச் சத்தம், தகரத்து மேல ஓடறாங்க. ஒரு மாசம் பூராவும் அந்த ஆட்டத்தக் காதுலயே கேட்டு நடத்துன ஆளுங்க நான். திருமூர்த்தின்னு பேரு. அந்த ஆட்டத்துக்குத் திருப்பூர்ல லீக்குன்னு ஒண்ண ஆரம்பிச்ச நிறுவனச் செயலாளரே நாந்தானுங்க. சார் கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. இப்ப நோட்டீஸ்ல எம்பேரு அந்த எடத்துல போடறதில்ல.

சேலந்தானுங்களே போறீங்க? நானும் சேலந்தான். அங்க எறங்கி பெங்களூர் வண்டி புடிக்கோணும். மடியில இருக்கறது கச்சாயமுங்க, வூட்டுல பண்ணிக் குடுத்தாங்க. ஒண்ணு எடுத்துக்கறீங்களா? கூச்சப்படாதீங்க. செரி, பொறகு சாப்புடலாம். மூணு மணி நேரம் இருக்குது, சொல்றேன் கேளுங்க. கேட்டுப்போட்டு நீங்களே சொல்லுங்க, நான் பண்ணுனதுல என்ன தப்புன்னு.

நான் அடிப்படையில கபடிக்காரனுங்க. இருவத்திரண்டு வருசம் நடுவரா இருந்தேன். சட்டைக்குள்ள கயித்துல தொங்குது பாருங்க விசில், இது அப்பத்துல இருந்து இருக்கறது. குளிக்கறப்பக்கூடக் கழட்ட மாட்டேன். பஸ்ஸுல ஏறுனா மட்டும் சட்டைக்குள்ள வுட்டுக்குவேன். ஒருக்காப் பழக்கதோசத்துல ஊதி, டிரைவரு அவிநாசி ரோட்டு நடுவுல வண்டிய நிறுத்திப்போட்டாரு. அத வுடுங்க. அந்த இருவத்திரண்டு வருசத்துல பதினஞ்சு வருசம் கபடிச் சங்கத்துல இணைச் செயலாளர். இணைச் செயலாளர்னா என்னன்னு சாருக்குத் தெரியுமுங்களா? நோட்டீஸ்ல பேரு வரும், போட்டோ வராது. எனக்குப் பின்னால வந்தவங்களெல்லாம் செயலாளர் ஆயி, தலைவர் ஆயி, மேடையில சால்வை வாங்குனாங்க. நான் சால்வையப் பிரிச்சுக் குடுக்கற எடத்துலயே நின்னுட்டிருந்தேன்.

எனக்கு ஒரே புள்ளைங்க, சிந்துஜா. பி.காம் முடிச்சுப்போட்டு ஒரு பனியன் கம்பெனில ஆபீஸ் வேலைக்குப் போயிட்டிருந்தா. இருவத்தி நாலு வயசு. திடீர்னு ஒரு நாளு வேலைய வுட்டுப்போட்டு வந்து கம்ப்யூட்டர் முன்னால உக்காந்தவ தான், எந்திரிக்கவே இல்ல. காதுல பெரிய ஹெட்போன மாட்டிக்கிட்டு, வலது பக்கம் ரெண்டு பேரு, நீ மாடிக்குப் போ, நான் பின்னால வர்றேன்னு தனியாப் பேசிட்டிருப்பா. அவங்கம்மா பயந்துபோயி ரெண்டு தடவ மந்திரிச்சுக் கயிறு வாங்கிட்டு வந்தா. நல்லா நாலு வார்த்த கேட்டுப்போடலாம்னு நான் ரூமுக்குள்ள போனேன். போயி விசாரிச்சா, பக்கத்துக்கு அஞ்சு பேரு ஆட்டமாம். எதிர்ப்பக்கத்து அஞ்சு பேரையும் சுட்டுப்போட்டா ஒரு ரவுண்டு. பதிமூணு ரவுண்டு மொதல்ல எடுத்தவங்க செயிச்சவங்க. ஆளு ஒவ்வொண்ணா வெளிய போகப் போக உள்ள இருக்கறவங்களுக்கு நெஞ்சு படபடன்னு அடிக்கும். எனக்கு அப்படியே கபடி மாதிரித் தெரிஞ்சுதுங்க. திட்ட வந்ததையே மறந்துட்டேன். ஒரே ஒரு கேள்வி தான் கேட்டேன்.

"இதுக்குச் சங்கம் இருக்குதா அம்மிணி?"

"சங்கமெல்லாம் ஒண்ணும் இல்லீங்கப்பா. பசங்களாச் சேந்து வெளையாடறது."

எனக்கு அன்னைக்குச் சோறே எறங்கலீங்க. இத்தன பேரு வெளையாடறாங்க, ஒரு தலைவர் இல்ல, செயலாளர் இல்ல, ஒரு ரப்பர் ஸ்டாம்பு கெடையாது. ரேசன் கார்டே இல்லாத குடும்பம் மாதிரி நின்னுட்டிருக்குது அந்த வெளையாட்டு. ஒரே மாசத்துல சங்கத்தப் பதிவு பண்ணி, லெட்டர் பேடு அடிச்சு, செயலாளர்னு எம்பேரப் போட்டு வூட்டுக்கு எடுத்துட்டு வந்தேன்.

சிந்துஜா அதத் தடவித் தடவிப் பாத்தா. கண்ணு கலங்கிருச்சு அவளுக்கு. எனக்காகவாங்கப்பா பண்ணுனீங்கன்னு கேட்டா. பொதுக் காரியத்துல சொந்தம் பாக்கக்கூடாதில்லீங்களா? மாவட்டத்து வெளையாட்டு வளர்ச்சிக்காகத்தான்னு தெளிவாச் சொல்லிப்போட்டேன். பொறகு தான் அவ வெவரம் சொன்னா. பெங்களூர்ல ஒரு டீம் இருக்குதாம், வெளையாடறதையே உத்தியோகமா வெச்சிருக்கறவங்க. மாசச் சம்பளம், தங்கறதுக்கு எடம் எல்லாம் உண்டாம். அவங்க ஊரூரா நடக்கற லீக்குகள இண்டர்நெட்டுல பாத்து ஆளெடுக்கறாங்களாம். மொறையா ஒரு லீக்குல ஆடி அவங்க கண்ணுல பட்டாப் போதுமாம். அதுக்காகத்தான் வேலைய வுட்டிருக்கறா. ஒரு வருசம் டயம் குடுங்கன்னு அவங்கம்மாகிட்டக் கேட்டிருந்தாளாமா. அந்த ஒரு வருசம் ஆவணியோட முடியுது. அதுக்குள்ள ஒண்ணும் ஆகலைன்னா மறுக்காவும் பனியன் கம்பெனி தான், அப்பறம் மாப்பிள்ள பாக்கறது தான். இது அம்மாவும் மகளும் பேசி வெச்சுக்கிட்டது.

லீக்குக்கு எடம் வேணுமில்லீங்களா? அதுக்குத்தான் ஆடி மாசம். ஆடில ஒருத்தரும் கல்யாணம் வெக்க மாட்டாங்க, மண்டபமெல்லாம் பூட்டிக் கெடக்கும். ஒரு மாசம் பூரா மண்டபம் நம்ம கையில. மணமேடையில பத்துக் கம்ப்யூட்டரு, பக்கத்துக்கு அஞ்சு. பின்னால பெரிய திரை. பொண்ணு மாப்பிள்ள உக்கார்ற செகப்புச் சோபா இருந்துதுங்க, அன்னன்னிக்கு நல்லா ஆடுனவங்கள அதுல உக்கார வெச்சு போட்டோ எடுக்கறதுன்னு முடிவு பண்ணுனேன். ரெண்டு பேரு உக்கார்ற சோபா, ஒருத்தரே உக்காந்தா பாக்கறதுக்கு நல்லாயில்ல. அதனால பக்கத்துல நான் உக்காந்துக்குவேன்.

கம்ப்யூட்டரு, ஒயரு, இண்டர்நெட்டுல காட்டறது எல்லாம் கோகுல்நாத்துன்னு ஒருத்தரு பாத்துக்கிட்டாரு. பஸ் ஸ்டாண்டுகிட்ட பிரவுசிங் சென்டர் வெச்சிருக்கறவரு. தங்கமான மனுசன். என்ன ஒண்ணு, எதுக்கெடுத்தாலும் "அண்ணா, இது கபடி இல்லீங்கண்ணா"ன்னு சொல்லிட்டே இருப்பாரு.

மொத நாள் காலைல எட போட்டேன். ஆமாங்க, தராசு வெச்சுத்தான். அறுவத்தஞ்சு கிலோப் பிரிவுன்னு அறிவிச்சிருந்தேன். எட போடாம ஒரு ஆட்டத்த நான் பாத்ததே இல்லீங்க. எட்டு டீமு, பத்துப் பாஞ்சு பேரு தேறல. அவிநாசி டீமோட கேப்டன் எழுநூறு கிராம் எச்சா. என்ன பண்றது, விதின்னா விதி. மண்டபத்தச் சுத்தி ஓடச் சொல்லிப்போட்டேன். பதினேழு சுத்து ஓடி எடை எறங்கி வந்தாரு பாவம். வந்து உக்காந்தா மவுசப் புடிக்கக் கை நிக்க மாட்டேங்குது. ஆனா அந்த ஒழுக்கம் இருக்குது பாருங்க, அது எந்த ஊரு லீக்குல இருக்குது?

நகமும் பாத்தேன். நகவெட்டி நானே வெச்சிருப்பேன். எதிராளி மேல கீறல் படக்கூடாதில்லீங்களா? கோகுல்நாத்து ஓடியாந்து, ஒருத்தர ஒருத்தரு தொடவே மாட்டாங்கண்ணான்னாரு. தொட்டுட்டா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன். அவரு ஒயரச் சொருகப் போயிட்டாரு.

இன்னொண்ணு, ஒம்பதாவது விதி. கபடில ஆளு உள்ள எறங்கறப்ப மண்ணத் தொட்டுக் கும்புட்டுட்டுத்தான் எறங்குவான். இங்க மண்ணுக்கு எங்க போறது? அதனால ஆட்டம் ஆரம்பிச்சதும் திரையில இருக்கற அவங்கவங்க ஆளு ஒருக்காக் குனிஞ்சு எந்திரிக்கோணும். அந்த ஆட்டத்துல அதுக்கு ஒரு பட்டன் இருக்குதுங்க. மொத ரெண்டு நாளு எல்லாரும் ஒழுங்காக் குனிஞ்சாங்களாமா. அப்பறம் குனியற நேரத்துல சுட்டுப்போடறாங்கன்னு ஒவ்வொருத்தராக் கைவுட்டுட்டாங்க. நான் திரையப் பாக்க மாட்டேன் பாருங்க, அதனால எனக்குத் தெரியாது.

ஏன் பாக்க மாட்டேன்னு கேக்கறீங்களா? செயலாளர் திரையப் பாத்துட்டு நின்னா மேடையில இருக்கற பெரியவங்கள யாரு கவனிக்கறது? நான் எப்பவும் திரைக்கு முதுகக் காட்டி, சிறப்பு விருந்தினரப் பாத்தாப்புல தான் நிப்பேன். பதினஞ்சு வருசப் பழக்கம். அவரு தண்ணிக்குத் திரும்பறாரா, மின்விசிறி பத்தலையா, போறதுக்கு எந்திரிக்கறாரான்னு மொகத்துலயே தெரிஞ்சுக்கோணும்.

சிறப்பு விருந்தினரு யாருன்னா தெய்வசிகாமணி அய்யா. பெரிய நூல் மில்லு மொதலாளி, சங்கத்துக்குத் தலைவரும் அவரு தான். எழுவத்தி நாலு வயசு. எட்டு வருசத்துக்கு முன்னால நெஞ்சுல ஆபரேசன் ஆன ஒடம்பு. கபடிக்கெல்லாம் கேடயம் குடுத்தவரு. ஆட்டத்தத் தொடங்கி வெக்கறதுக்கு அவரக் கூப்புட்டோம். கிரிக்கெட்டுன்னா மொதப் பந்த அடிச்சு வெப்பாங்க. இதுல மொதக் குண்ட சுட்டு வெக்கறது தானுங்களே மொற? ஒரு டீம்ல ஒருத்தர எந்திரிக்க வெச்சு அய்யாவ அந்தச் சேர்ல உக்கார வெச்சோம். வெள்ள வேட்டி, வெள்ளச் சட்டை, தலையில ஹெட்போனு. கோகுல்நாத்து கையப் புடிச்சு பட்டனக் காட்டுனாரு. அய்யா ஒரு குண்டு சுட்டாரு. எல்லாரும் கை தட்டுனோம். நான் சால்வையோட கிட்டப் போனேன்.

அய்யா எந்திரிக்கலீங்க.

இன்னொண்ணு சுட்டாரு. அப்பறம் நடக்கறது எப்படின்னு கேட்டாரு. நடக்க ஆரம்பிச்சுட்டாரு. ஆட்டம் ஓடிட்டிருக்குது, எதிர் டீமு துப்பாக்கியோட நிக்குது, அய்யா பாட்டுக்கு ஸ்டீல் டவுன் தெருவுல நடந்து போறாரு. ஏப்பா இந்தக் கட்டடத்துக்குப் பூச்சு வேலையே பண்ணலையேன்னு மைக்குல கேக்கறாரு. எனக்கு வேர்த்து ஊத்துது. யாராச்சும் அவரச் சுட்டுப்போட்டா? கேடயம் குடுத்த மனுசனக் கூப்புட்டு வந்து மேடையில வெச்சு சுட்டாங்கன்னு ஊரு பேசாதா? விசிலு ஊதி அங்கயே மைக்குல அறிவிச்சேன், விதி பதிநாலு, சிறப்பு விருந்தினரைச் சுடக்கூடாதுன்னு.

அன்னைக்கு அய்யா ஒம்போது பேரச் சுட்டாருங்க. கண்ணாபரேசனும் ஆன மனுசன், குறி சீக்கிரம் அமையாது. நாலஞ்சு குண்டு செவுத்துல போகும். அது வரைக்கும் எதிர்ல இருக்கறவங்க அசையாம நிக்கோணும்னு சொல்லிப்போட்டேன். குண்டு பட்டதும் சேர்ல இருந்து எந்திரிச்சு அய்யாவுக்கு ஒரு வணக்கம் சொல்லிப்போட்டு உக்காருவாங்க. பாக்கறதுக்கே அவ்வளவு நல்லா இருக்கும்.

அடுத்த நாளும் அய்யா வந்தாரு. அதுக்கு அடுத்த நாளும் வந்தாரு. காலைல பூசைய முடிச்சுட்டு பத்து மணிக்குக் காரு வந்து நிக்கும். அய்யா எந்த டீம்ல இருக்காரோ அந்த டீமு செயிக்குமில்லீங்களா, அதனால பாரபட்சம் வந்துரக்கூடாதுன்னு சீட்டுக் குலுக்கிப் போட்டு, எல்லா டீமுக்கும் சமமா அய்யாவப் பிரிச்சுக் குடுத்தேன். அந்த மாதிரி ஒரு நேர்மைய எந்த லீக்குல பாப்பீங்க?

இண்டர்நெட்டுல மொத நாளு நாப்பது பேரு பாத்தாங்களாமா. பத்தாவது நாளு ரெண்டு லட்சம்னாரு கோகுல்நாத்து. அய்யா ஒரு தெருவுக்குள்ள வந்தா, துப்பாக்கி வெச்சிருக்கற அத்தன பேரும் அடுத்த தெருவுக்கு ஓடறாங்களாமா, அத வெட்டி வெட்டி எல்லாரும் போட்டாங்களாமா. கீழ என்ன எழுதறாங்கன்னு கேட்டேன். எழுதலீங்கண்ணா, கண்ணுல தண்ணி வர்ற மொகத்தப் படம் படமா அனுப்பறாங்கன்னாரு. ஆனந்தக் கண்ணீருன்னு எனக்குப் புரிஞ்சுதுங்க. அன்னைக்கு ராத்திரி நிம்மதியாத் தூங்குனேன்.

சிந்துஜா டீமு ஃபைனலுக்கு வந்துது. அவ தான் கேப்டனு. எட்டு டீம்லயும் பொம்பளப் புள்ள அவ ஒருத்தி தான். நல்லா ஆடறான்னு எல்லாரும் சொன்னாங்க. செயலாளரோட மகள்னு யாரும் ஒரு பேச்சு பேசிரக்கூடாது பாருங்க, அதனால நான் அவ பக்கமே திரும்ப மாட்டேன். சோபாவுல உக்கார்ற வாய்ப்பு அவளுக்கு நாலு தடவ வந்துது. நாலு தடவையும் ரெண்டாவதா வந்தவங்களுக்குக் குடுத்துட்டேன்.

ஃபைனலுக்கு மொத நாளு எங்கிட்ட வந்து நின்னா. பெங்களூர்ல இருந்து அந்த டீம்காரங்க ரெண்டு பேரு நேர்லயே வர்றாங்கப்பா, நாளைக்கு ஒரு நாளாச்சும் அய்யாவ மேடையில உக்கார வெச்சுட்டு எங்கள ஆட வுடுங்கன்னா. கோவமாக் கேக்கலீங்க, கெஞ்சித்தான் கேட்டா. பெங்களூர்க்காரங்க வர்றாங்கன்னதும் எனக்கு வேற மாதிரித் தோணுச்சு. வெளியூர்க்காரங்க வர்ற நாள்ல போயி சிறப்பு விருந்தினர எறக்காம வுட்டா நம்ம ஊரு மருவாதி என்ன ஆவறது? முடியாதுன்னுட்டேன். அவ தலைய ஆட்டிட்டு, இருந்த எடத்துலயே காலால கோலம் போட்டுட்டு, உள்ள போயிட்டா.

ஃபைனலு சிந்துஜா டீமுக்கும் தாராபுரம் டீமுக்கும். சீட்டுல அய்யா தாராபுரத்துக்கு விழுந்துட்டாரு. மண்டபம் நெறஞ்சு போச்சுங்க. ஆடிக் காத்துல கரண்டு நாலு தடவ போயி வந்துது. பன்னண்டுக்குப் பன்னண்டுன்னு ஆட்டம் சமமா நின்னுது. அய்யா எதுக்க இருந்தும் பன்னண்டு எடுத்திருக்கறாங்க பாருங்க. மத்த நாலு பேரையும் மொதல்ல முடிச்சுட்டு, அய்யா வந்து சேர்றதுக்குள்ள ரவுண்டு நேரத்த ஓட்டிப்போடுவாங்களாமா. அய்யா மெதுவாத்தானே நடப்பாரு. நேரம் முடிஞ்சா ஆளு எச்சா இருக்கற பக்கத்துக்கு ரவுண்டாம்.

கடேசி ரவுண்டு. சடசடன்னு சத்தம். கோகுல்நாத்து மைக்குல ஒவ்வொரு பேராச் சொல்லிட்டிருந்தாரு. தாராபுரத்துல நாலு பேரு காலி. இந்தப் பக்கமும் நாலு பேரு காலி. மிச்சம் சிந்துஜா ஒருத்தி, அய்யா ஒருத்தரு. அந்தக் கடேசி ரவுண்டுல மட்டும் நேரத்த ஓட்ட முடியாதாம், யாராச்சும் விழுந்து தான் ஆகோணுமாம். மண்டபமே எந்திரிச்சு நின்னுருச்சு. நான் எப்பவும் போல திரைக்கு முதுகக் காட்டி, சால்வையக் கையில வெச்சுக்கிட்டு அய்யா மொகத்தையே பாத்துட்டிருந்தேன். சுட மாட்டா, என்ற புள்ள வளர்ப்பு அப்படின்னு நெனச்சுட்டு நிக்கறேன்.

மூணு குண்டு செவுத்துல பட்ட சத்தம், அப்பறம் ஒரே ஒரு குண்டு. டப்புன்னு.

அய்யா மொகம் அப்படியே விரிஞ்சுதுங்க. அத அதிர்ச்சின்னு நெனச்சுட்டேன். விசில ஊதுனேன். சட்டைப் பையில செகப்பு அட்டை இருந்துது, எடுத்துத் தூக்கிக் காட்டுனேன். ஃபவுல், பதிநாலாவது விதி, சிந்துஜா ஆட்டத்த வுட்டு வெளியேத்தம், தாராபுரம் வெற்றின்னு அறிவிச்சுப்போட்டேன். மண்டபம் பூராக் கத்துது. அய்யா ஹெட்போனக் கழட்டி என்னையக் கூப்புட்டாரு.

"திருமூர்த்தி, நான் செத்துட்டனா?"

"இல்லீங்கய்யா. அது ஃபவுலுங்கய்யா, செல்லாது. நீங்க சாகலீங்க."

அந்த மொகம் வாடுனத நான் இன்னைக்கும் மறக்கலீங்க. ஒரு மாசமா இதுக்குத்தாண்டா வந்துட்டிருந்தேன்னாரு. நெஞ்சு ஆபரேசன் ஆனதுல இருந்து வூட்டுல ஒருத்தரும் எதுத்து ஒரு வார்த்த பேசறதில்லையாம். மருமகனோட சீட்டாடுனாக்கூட வேணும்னே தோத்துக் குடுக்கறாங்களாம். மில்லுல கேக்கவே வேண்டாம். இங்கயாச்சும் எவனாச்சும் என்னையும் ஒரு ஆளா மதிச்சுச் சுடுவான்னு தெனமும் வந்தேன், முப்பது நாளு காத்திருந்து ஒருக்காச் செத்தேன், அதையும் ரத்துப் பண்ணிப்போட்டயேடான்னு கேட்டாரு. சொல்லிப்போட்டு வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு எறங்கிப் போயிட்டாரு. நான் கொண்டு போன சால்வை கையிலயே இருந்துது.

தாராபுரத்துக்காரங்க கோப்பைய வாங்க மாட்டேன்னுட்டாங்க. அது அந்தச் சோபாவுலயே கெடந்துது. சிந்துஜா அழுவான்னு நெனச்சேன். அழுவலீங்க. ஹெட்போன் ஒயரப் பொறுமையாச் சுத்தி வெச்சா. எம்பக்கத்துல வந்து ஒரே ஒரு வார்த்த கேட்டா.

"அப்பா, நீங்க ஸ்கிரீனப் பாத்தீங்களா?"

நடுவர் எதப் பாக்கோணும்னு நீ சொல்லித் தராதன்னுட்டேன். அவ்வளவு தான். அன்னைக்கு எங்கூட நேராப் பேசுனது தான் கடேசி. அறிக்கையில நான், மரியாதைக் குறைவாகச் சுட்டார்னு எழுதி, கையெழுத்துப் போட்டு, ஸ்டாம்பு வெச்சேன்.

பெங்களூர்க்காரங்களுக்கு என்ற விதியெல்லாம் கணக்கில்ல போல. அடுத்த வாரமே அவளுக்கு லெட்டர் வந்துது. ஆவணி முடியறதுக்கு முன்னாடியே கெளம்பிட்டா. அவங்கம்மா தான் பஸ் ஏத்தி வுட்டா. இந்த எட்டு மாசமா ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம அம்மாவுக்குப் போன் வரும். அவங்கம்மா பேசி முடிச்சுட்டு எங்கிட்ட நீட்டுவா. நல்லாருக்கறயான்னு கேப்பேன். ம்ன்னுவா. சாப்டயான்னு கேப்பேன். ம்ன்னுவா. இருவத்தி நாலு வருசம் வளத்த புள்ளைங்க சார்.

சங்கமா? அதக் கேக்காதீங்க. அடுத்த பொதுக்குழுவுல அய்யா தலைமையில என்னைய எடுத்துப்போட்டாங்க. கோகுல்நாத்து இப்பச் செயலாளரு. ஏதோ ஒரு பெரிய கம்பெனி வந்து லீக்க எடுத்துக்கிட்டாங்க, வருசத்துக்கு ரெண்டு சீசனாம், எட்டு டீமு பதினாறு ஆயிருச்சாம். தராசு இல்ல, நகவெட்டி இல்ல. பதிநாலாவது விதிய மட்டும் தூக்குனதாக் காயிதத்துல போட்டிருந்தாங்க. அய்யா இன்னும் ஆடறாராம். தெனமும் பத்திருவது தடவ சாவறாராம். ஒடம்பு முன்னைக்கு இப்பத் தேவலைன்னு டாக்டரே சொல்றாராம். நோட்டீஸ்ல எம்பேரு கடேசில நிறுவனர்னு சின்ன எழுத்துல வருது. போட்டோ வர்றதில்ல.

நாளைக்கு அவளுக்கு அங்க அரையிறுதி ஆட்டமாம். வூட்டுக்காரி என்ன பண்ணுனா, கச்சாயத்த டின்னுல போட்டு எங்கையில குடுத்து, கொண்டு போயிக் குடுத்துட்டு வாங்கன்னுட்டா. நான் இதக் குடுக்கத்தான் போறேன். வேற ஒண்ணுமில்லீங்க.

என்னங்க சார்? அந்தக் கடேசி ரவுண்டு உங்க போன்ல வருமா? இண்டர்நெட்டுல இன்னும் இருக்குதுங்களா? வேண்டாமுங்க. நான் பாத்ததில்ல. எத்தனையோ பேரு காட்ட வந்தாங்க, மொகத்தத் திருப்பிட்டேன். எதுக்குங்க பாத்துக்கிட்டு? நடந்தது நடந்துது, நடுவர் தீர்ப்பு சொல்லியாச்சு. வேண்டாமுங்க... செரி, எடுத்துட்டீங்க, இந்தப் பக்கமாக் காட்டுங்க. கண்ணாடியப் போட்டுக்கறேன் இருங்க.

இதுல வெள்ளையா நிக்கறது அய்யாவுங்களா? செவுத்தப் பாத்துட்டு நிக்கறாரு. பூச்சு வேலையப் பாக்கறாரு போல. அந்தத் தண்ணித் தொட்டிக்குப் பின்னால இருந்து வர்றது யாருங்க, சிந்துஜாவா? அய்யா முதுகு தெரியுது. இப்பவே சுடலாமே. ஏன் சுட மாட்டேங்கறா? சுத்திட்டுப் போறா. முன்னால போயி நிக்கறா, அய்யாவுக்கு நேரா. அட, அய்யா சுடறாரு. ஒண்ணு, ரெண்டு, மூணு, எல்லாமே செவுத்துல போகுது. இவ அசையாம நிக்கறா. இப்ப என்ன பண்றா?

நிறுத்துங்க சார். கொஞ்சம் பின்னால போங்க.

குனியறா பாருங்க. குனிஞ்சு எந்திரிக்கறா. ஒம்பதாவது விதி. அது ஆட்டம் ஆரம்பிக்கறப்ப ஒருக்காப் பண்றதுங்க. இங்க எதுக்குக் குனியறா? அய்யாவுக்குங்க. அய்யாவுக்குக் கும்புடு போடறா. போட்டுட்டு, அவரு பாத்துட்டிருக்கறப்பவே, நேருக்கு நேரா... இந்தா. டப்பு.

இன்னொருக்காப் போடுங்க சார்.

மரியாதைக் குறைவாகன்னு எழுதிப்போட்டேனுங்களே. நான் வெச்ச விதிய அத்தன பேரும் கைவுட்டப்ப அவ ஒருத்தி வுடலீங்க. திரை எனக்கு மூணு அடி பின்னால இருந்துது. கழுத்த இப்படி ஒரு திருப்புத் திருப்பியிருந்தாப் போதும், பாத்திருப்பேன். இருவத்திரண்டு வருசத்துல ஒரு தப்புத் தீர்ப்பு குடுத்ததில்லைன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன். குடுத்த ஒண்ணையும் பெத்த புள்ளைக்குக் குடுத்துப்போட்டேன். எந்தப்பு தானுங்க சார். ஆமாங்க, எந்தப்பு தான். நீங்க சொல்ல வேண்டாம், நானே சொல்லிப்போட்டேன்.

சித்த இந்த டின்ன வாங்கிக்கங்க. ரெண்டு கையும் வேணும் எனக்கு. கபடில பாயிண்டு குடுக்கோணும்னா எந்திரிச்சு நின்னு, விசில ஊதி, செயிச்ச பக்கம் பாத்து கைய நீட்டோணும். உக்காந்துட்டே குடுத்தாச் செல்லாதுங்க. பெங்களூரு எந்தப் பக்கமுங்க இருக்குது, இப்படித்தானே?

அய்யய்யோ. யாருக்கும் ஒண்ணும் அடிபடலீங்களே? கச்சாயம் கொட்டலீங்களே சார்? என்னங்க கண்டக்டர், மொறைக்காதீங்க, ஆமா, நாந்தான் ஊதுனேன். வண்டி நிக்கட்டும்னு ஊதலீங்க. போன ஆடில ஒரு பாயிண்டு குடுக்காம வுட்டுப்போட்டேன், இப்பத்தான் குடுத்தேன். டிரைவர் அண்ணன்கிட்டச் சொல்லுங்க, நான் பேரு கெட்ட ஆளெல்லாம் இல்ல. நீங்க ரெண்டு விசிலு குடுங்க, கெளம்பலாம். நாளைக்கு என்ற புள்ளைக்கு ஆட்டம் இருக்குதுங்க, நான் முன்னால உக்காந்து பாக்கோணும்.